துரைமார் படுத்த தோட்டம்

நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து வேதக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைத்தால் முதுகுத் தோல் உரியும். இப்போது கால் வைக்காவிட்டால் வாட்சப்பில் பெயர் வருகிறது. "நேற்று வராதவர்கள்" என்று ஒரு பட்டியல், பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. அன்று விரட்டியவர் கோயில்பிள்ளை, கையில் பிரம்பு. இன்று கூப்பிடுகிறவர் கொழும்பிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர், கையில் மஞ்சள் டீ-ஷர்ட். அதன் முதுகில் மரபைக் காக்கச் சொல்லி மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. தமிழில் மட்டும் "மரபை காப்பொம்". போட்டுக்கொண்டோம். எழுத்துப் பிழைக்காக இலவச உடுப்பைத் திருப்பிக் கொடுக்கிற பரம்பரை அல்ல நாங்கள்.

அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகிற பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கரவனெல்ல தெரியாமலே கடந்து போய்விடும். கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கும் ரோடு வந்து சேருகிற இடம். ஆஸ்பத்திரி இங்கே இருப்பதால், சுற்றுவட்டத் தோட்டங்களில் "கரவனெல்லைக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று சொன்னால் உடம்பு மோசம் என்று அர்த்தம். ஒரு காலத்தில் சின்ன ரயில் ஒன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடியது. 1903இல் அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு நீண்ட பாதை 1942இல் நின்றுபோனது. என் தாத்தா அதில் ஏறியதில்லை. அவர் வெட்டிய பால் மட்டும் ஷீட்டாகிப் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போயிருக்கிறது.

கோயிலின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. குழுவில் இருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டும்.

தேயிலைக் காசில் தொடங்கி ரப்பர் காசில் முடிந்த கோயில் அது என்பார்கள். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடவுக்கு வந்து இறங்கிய நாற்றுகளின் பேரப்பிள்ளைகள்தாம் களனிப் பள்ளத்தாக்கை ரப்பர் காடாக்கின. துரைமார் சந்தா போட்டார்கள், எங்கள் ஆட்கள் கல் சுமந்தார்கள். சந்தா போட்டவர்களின் பெயர்கள் வாசலுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் இருந்தன. கல் சுமந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு பேர் போட்டிருப்பார்கள், செக்ரோல் என்ற கூலிப் பதிவில்.

ஆங்கில ஆராதனை காலையில், தமிழ் ஆராதனை பிற்பகலில். காலையில் போதகர், பிற்பகலில் உபதேசியார். காலையில் பிரம்பு பின்னிய வாங்குகள், பிற்பகலில் பாய். வாங்குகள் அங்கேயேதான் இருக்கும், யாரும் பூட்டி வைப்பதில்லை. ஆனாலும் பாயில்தான் உட்காருவோம். 1854இல் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கமும் சேர்ந்து தோட்டத்துத் தமிழருக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர். பிற்காலத்தில் யாருக்கோ கூச்சம் வந்து தமிழ்த் திருச்சபை மிஷன் என்று மாற்றினார்கள். பாய் மாறவில்லை.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவெல்லாம் வேலிக்கு வெளியே நின்று பெற்றதுதான். வெள்ளைச் சலவைக்கல், கருங்கல், சங்கிலி கட்டிய நாலு தூண், இறக்கை உடைந்த ஒரு தேவதூதன். குழந்தைகளின் கல்லறைகள்தான் அதிகம். ஒரு வயது, ஏழு மாதம், பதினொரு நாள். அப்பாயி வேலியோரம் விறகு பொறுக்கும்போது அந்தச் சின்னக் கற்களைப் பார்த்து, "தொரை புள்ளைக்கும் காய்ச்ச வருமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். பதில் அவளுக்குத் தெரியும். 1934, 35 மலேரியாவில் இலங்கை முழுக்க எண்பதாயிரம் பேர் அளவில் செத்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் எங்கள் கேகாலைதான். கேட்பதில் அவளுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஒரு புதைகாடு இருந்தது. ஓடைக்கு மேலே, ரப்பர் ஏறாத சரிவில். கல் கிடையாது. தலைமாட்டில் ஆற்றங்கல், கால்மாட்டில் குரோட்டன் செடி, வேதக்காரராக இருந்தால் மரச்சிலுவை. மரச்சிலுவை இரண்டு மழைக்குத் தாங்கும், அப்புறம் கறையானுக்கு. 1953இல் அரசாங்கம் பழைய ரப்பரை வெட்டி மீள்நடுகை செய்ய மானியம் கொடுக்கத் தொடங்கியது. ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு வரும்போது ஏக்கர் கூடினால் நல்லதுதானே. அறுபதுகளில் எங்கள் புதைகாட்டுக்கும் நாற்று வந்தது. அந்த மரங்களும் பால் வற்றி விறகாகி, அதே குழிகளில் இப்போது நிற்பது அடுத்த தலைமுறை. என் தாத்தாவுக்கு மேலே நிற்கும் மரத்தில் வெட்டு முகம் நன்றாக இருக்கிறது என்று போன மாசம் பால்வெட்டுகிற தம்பி சொன்னான். கோபப்பட வேண்டுமா, பெருமைப்பட வேண்டுமா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

அப்புறம் துரைமார் போனார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வேட்டைநாயும் பியானோவும் லொறியேறின. காலை ஆராதனை தானாக நின்றது. வாங்குகளில் உட்காரலாம் என்று சட்டம் வந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் அதற்குள் உட்கார ஆள் குறைந்துவிட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று எங்களைப் பிரித்திருந்தார்கள். பாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கூடலூருக்குப் போனார். மணியடித்தவர் கோத்தகிரிக்குப் போனார். தலைமன்னார்க் கப்பல் 1984 வரைக்கும் ஆளேற்றியது. நடுவில் 77, 83 கலவரங்கள். அந்த வருடங்களில் கோயிலுக்குள் இரவு தூங்கியிருக்கிறோம், ஆராதனைக்காக அல்ல.

கூரையின் கலிகட் ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கல்லறைத் தோட்டம் காடானது. பிரம்போடு துரத்த யாரும் இல்லாத காலத்தில் உள்ளே போகவும் யாருக்கும் ஆசையில்லை. அட்டை, பாம்பு, இரவில் தவறணையிலிருந்து திரும்புகிறவர்கள். சிலர் மட்டும் போனார்கள். ஈய எழுத்துக்களை நெம்பி எடுத்து மீன்பிடி வலைக்குக் குண்டாக விற்றார்கள். சங்கிலி எங்கே போனதென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் மரபு வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு வேன். கட்டடக்கலை படித்த இரண்டு பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு எஞ்சினியர், படம் பிடிக்கிற ஒரு பையன். டவுனிலிருந்து சிங்கள இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். தோட்டத்திலிருந்து நாங்கள். எங்களுக்கு அங்கே "உள்ளூர்ச் சமூகம்" என்று பெயர். கூட்டத்தில் ஒருவர் டெப்லெட்டைத் திறந்து பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913இல் வெளியிட்ட புத்தகத்தைக் காட்டினார். இலங்கையின் கல்லறைக் கல்வெட்டுக்களை ஊர் ஊராகப் பதிந்த பெரிய வேலை. கல் வைக்கப்படாமல் போனவர்களுக்கும் அதில் தனியாக ஒரு பட்டியல் உண்டு என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கல் இல்லாதவர்களிலும் எங்கள் ஆட்கள் இல்லை.

முதலில் எங்களுக்கு வகுப்பு. சலவைக்கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. அமிலம் கூடாது. வெளிற வைக்கிற மருந்து எதுவும் கூடாது. சுத்தத் தண்ணீர், மெல்லிய தூரிகை, பொறுமை. பாசியை ஊறவைத்து மரச்சில்லால் எடுக்க வேண்டும். பளபளவென்று வெள்ளையாக்குவது நோக்கமல்ல, எழுத்து தெரிந்தால் போதும். இதையெல்லாம் ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்ல இன்னொரு பெண் தமிழில் சொன்னாள். என் அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பங்களாவில் ஆயாவாக இருந்தவள், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. துரைசானி கண்ணில் நல்ல பேர் வாங்கியதால் அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் போக அனுமதி பெற்ற ஒரே தமிழச்சி. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சாம்பலும் தேங்காய் மட்டையும் போட்டு அத்தனை கல்லையும் தேய்த்தவள். வகுப்பு முடிந்ததும், "அப்ப நான் இத்தன வருசமா கல்லைக் கெடுத்திருக்கேன்னு சொல்லுதா அந்தப் புள்ள?" என்று என்னிடம் கேட்டாள். அப்படி இல்லை அத்தை என்றேன். "அப்படித்தான் சொல்லுது. தொரசாணி வெள்ளையா இருக்கணும்னா. இது வெள்ளையா இருக்கக் கூடாதுங்குது. ரெண்டும் இங்கிலீசுலதான் சொல்லுது."

சுவர் விஷயம் இன்னும் நீளமானது. எண்பதுகளில் யாரோ நல்ல மனசோடு கோயில் சுவரின் பிளவுகளில் எல்லாம் சிமெந்து அடைத்திருந்தார்கள். அதனால்தான் சுவர் கெட்டது என்று எஞ்சினியர் ஐயா விளக்கினார். பழைய சுவர் செம்பாறாங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழை ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் சாந்து வழியாக வெளியே விடும். சிமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கல் உதிரும், சிமெந்து மட்டும் நிற்கும். ஆகவே சிமெந்தை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைக்க வேண்டும். மேசன் பாஸுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய அப்பா காலத்தில் சுண்ணாம்பிலிருந்து சிமெந்துக்கு வந்ததுதான் முன்னேற்றம். "ரெண்டு நாள் வேலை ஐயா, ரெண்டு மூடை சிமெந்து" என்று ஒவ்வொரு தேநீர் வேளையிலும் ஞாபகப்படுத்தினார். சுண்ணாம்பு லேசாகவும் கிடைக்கவில்லை. முன்பு தென்கரையில் முருகைக்கல்லைச் சுட்டு எடுப்பார்கள், கரையோரத்தில் முருகைக்கல் தோண்டுவது இப்போது தடை. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பை வரவழைத்துத் தொட்டியில் நீற்றிப் போட்டு, ஆற வைத்து, காத்திருந்து...

சிமெந்தைச் சுரண்டும் வேலையில்தான் ஓர் அதிசயம் நடந்தது. கொழும்புப் பிள்ளைகள் சிறு உளியும் சுத்தியலும் கொண்டுவந்திருந்தார்கள். அடித்தால் சிமெந்தோடு கல்லும் பெயர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். ரப்பர் பட்டையைக் கடதாசிக் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், காயம் பட்டால் கங்காணியிடம் ஏச்சு, ஆழம் குறைந்தால் பால் வராது. இருபது வருடமாக விடியற்காலை இருட்டில் அதே வேலை செய்த கை. கல்லைத் தொடாமல் சிமெந்து விளிம்பை இழை இழையாக உரித்துப் போட்டாள். எஞ்சினியர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுநாளிலிருந்து உளிகள் பெட்டிக்குள் போயின. பால்வெட்டுக்காரப் பெண்கள் ஆறு பேர் "சிறப்பு நுட்பக் குழு" ஆனார்கள். படம் பிடிக்கிற பையன் அவர்களைத்தான் சுற்றிச் சுற்றி எடுத்தான். சம்பளம் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இது தொண்டு என்று விளக்கப்பட்டது. "அப்படின்னா ஞாயித்துக்கெழம பிரட்டு" என்று, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்து வார்த்தையில் அவள் புரிந்துகொண்டாள். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.

பலிபீடத்துக்குப் பின்சுவரில் அரசமரம் ஒன்று முளைத்திருந்தது. வேர் சுவருக்குள் முழங்கை நீளம் போயிருந்தது. வெட்டச் சொன்னால் மேசன் பாஸ் கைகட்டி நின்றார். போ மரத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். டவுன் பையன்களும் மாட்டோம் என்றார்கள். எங்கள் ஆட்களில் சைவர்களும் அரசமரம் என்று பின்வாங்கினார்கள். வேதக்காரர்கள் நாலு பேர் இருந்தோம். வெட்டுவதற்கு எங்களுக்குத் தடையில்லை, ஆனால் நாங்கள் வெட்டினால் அது வேறு கதையாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த நாட்டில் போ மரத்தைத் தமிழ்க் கிறிஸ்தவன் வெட்டினான் என்ற செய்தி கரவனெல்ல சந்திக்குப் போவதற்குள் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்சலைக்கு, அதாவது விகாரைக்குப் போய் ஹாமதுருவிடம் கேட்டோம். அவர் மறுநாளே வந்தார். பிரித் ஓதி, வேரை ஈரச் சாக்கில் சுற்றி எடுக்கச் சொல்லி, பன்சலை வளவில் நடுவதற்கு எடுத்துப் போனார். போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுதான் இத்தனை நாள் உங்கள் சுவரைப் பிடித்து வைத்திருந்தது" என்று சிரித்தார். அது சரிதான் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்கலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போதுதான் சட்டம் படித்த ஒருவர் விளக்கினார். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதுதான் தானாகவே பழைமை. பிந்தியது என்றால் தனியாக அறிவிப்பு வாங்க வேண்டும். அந்தத் திகதியில்தான் கண்டி இராச்சியத்தை வெள்ளையனிடம் ஒப்படைத்தார்கள். அதாவது வெள்ளைக்காரத் துரை தோட்டம் போட வருவதற்கும், அவருக்காக எங்கள் ஆட்கள் கடல் கடந்து வருவதற்கும் முன்னால் கதவு சாத்தியாகிவிட்டது. துரையும் நாங்களும் ஒன்றாக ஒரு வரிசையில் நின்றது அந்தச் சட்டத்தில்தான். வெளியே.

பயிற்சி என்று எங்களை ஒரு நாள் கண்டிக்குக் கூட்டிப்போனார்கள். தலதா மாளிகைக்குப் பின்புறம் மேட்டில் பழைய பிரித்தானியப் படையினரின் கல்லறைத் தோட்டம். 1817இல் தொடங்கி, 1870களில் மூடி, காடாகிக் கிடந்து, 1998இல் சீர்செய்யப்பட்டது. புல்வெளி வெட்டி, கற்கள் நிமிர்ந்து, செடிகள் பூத்து, எங்கள் லயங்கள் ஒன்றும் அவ்வளவு அழகாக இல்லை. மார்ச் 2 ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொய்லி அங்கேதான் கிடக்கிறார், 1824இல் இறந்தவர். 1856இல் யானை மிதித்துச் செத்த ஒரு வெள்ளைக்காரருக்கும் அங்கே கல் உண்டு. வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னபோது எல்லாரும் "அடடா" என்றார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த கூட்டங்களில் யானையும் வாந்திபேதியும் தின்றவர்களுக்கு அடடா சொல்ல ஓரிடம் வேண்டுமே என்று நான் யோசித்தேன். பக்கத்தில் நின்ற என் அண்ணன் மகள், "இங்க பராமரிப்புக்கு எத்தன பேர்? சம்பளமா, தொண்டா?" என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொழும்பில் தையல் ஃபெக்டரியில் வேலை செய்தவள். கேள்விகளை ஒழுங்காகக் கேட்பாள்.

கல்லறைகளைச் சுத்தம் செய்துகொண்டே போனபோது ஒன்று குறைந்தது. ஒரு குழந்தைக்கு அடிப்பீடம் இருந்தது, மேல்கல் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் கீழ் லயத்துப் பீலியடியில் கிடைத்தது. குப்புறப் போட்டு அதில்தான் நாற்பது வருடமாகத் துணி துவைக்கிறார்கள். புரட்டியபோது எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. மேலே மழையிலும் பாசியிலும் அத்தையின் சாம்பலிலும் இருந்த கற்களில் பாதி எழுத்து போய்விட்டது. திருடப்பட்ட கல்தான் தோட்டத்திலேயே புதுசு போல இருந்தது. கட்டடக்கலைப் பெண் அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். அதில் துணி துவைத்த வீட்டுக்காரி வேறு கவலையில் இருந்தாள். புதிதாக ஒரு சிமெந்துக் கல் போட்டுத் தருவதாகக் குழு வாக்குக் கொடுத்தது. போட்டும் கொடுத்தது. சிமெந்துக் கல்லில் அழுக்குப் போகவில்லை என்று அவள் இன்றைக்கும் குழுவைத் திட்டுகிறாள்.

அந்தக் குழந்தையின் குடும்பத்து வழிவந்த ஒரு மூதாட்டி இங்கிலாந்திலிருந்து வந்தார். கல்லைப் பார்த்து அழுவார் என்று படம் பிடிக்கிற பையன் தயாராக நின்றான். அவர் அழவில்லை. குடையை மடக்கிவிட்டு, "உங்கள் ஆட்கள் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். ரப்பர் மலைக்குக் கூட்டிப்போனேன். செருப்பு வழுக்கியும் விடாமல் ஏறி வந்தார். மரங்களைக் காட்டினேன். சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பெயர்கள் இருக்கின்றனவா என்றார். இருக்கின்றன, புத்தகத்தில்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் உபதேசியார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெயர், இருப்பிடம், வயது, நாள், நடத்தியவர் கையெழுத்து. கோயிலுக்கே வராத சைவக் குடும்பங்களும் உபதேசியார் வீட்டு வாசலில் நின்ற ஒரு காலம் உண்டு. 1948இல் எங்களை நாடற்றவர்களாக்கிவிட்டு, 1949இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் 1946க்கு முன்னால் விடாமல் பத்து வருடம், கல்யாணமானவர்கள் என்றால் ஏழு வருடம், இந்த நாட்டில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். நிரூபணம் என்றால் காகிதம். தோட்டத்து ஆளிடம் என்ன காகிதம் இருக்கும்? எங்கள் தாத்தா ஞானஸ்நானச் சாட்சியை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனார். கோயில் புத்தகத்தில் வேதப் பெயர். செக்ரோலில் பழைய பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். நான்தான் அத்தாட்சி என்று தாத்தா சொன்னாராம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தாத்தா அதில் இல்லை.

இன்று அதே புத்தகத்தை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் மாலை நேரங்களில் அதைப் பார்த்து எழுதுகிறாள். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் பேரப்பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள்: எங்க தாத்தா பேர் இருக்கா, எந்த லயம், எந்த வருசம்? துரைமார் வாரிசுகளின் கடிதங்களை விட இவைதான் இப்போது அதிகம். மரபுத் திட்டத்தின் அறிக்கையில் இது "கூடுதல் விளைவு" என்ற தலைப்பில் ஒரு வரியாக இருக்கிறது. கல்லறைகளுக்கு இருபத்திரண்டு பக்கம்.

வடிகான் கதையையும் சொல்லிவிடுகிறேன். மலைத் தண்ணீர் கோயில் அடித்தளத்தை அரிக்காமல் இருக்கப் பின்னால் கல் பதித்து அருமையான கான் வெட்டினார்கள். அதற்கு மேலே இருக்கிற லயத்துக்குக் கான் கிடையாது. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லயத்தையும் ஆட்களையும் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று எஞ்சினியர் ஐயாவைக் கேட்டோம். அது திட்டத்துக்குள் வரவில்லை என்று மிகவும் வருத்தப்பட்டார். அன்று பின்னேரம் டவுன் பையன்களும் எங்கள் பையன்களும் அதே மண்வெட்டிகளோடு மேலே போனார்கள். ஐயா தேநீர்க் கோப்பையோடு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "இடப்பக்கம் இன்னும் அரை அடி சரிவு வேண்டும்" என்று காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கானுக்கு அறிக்கையில் படம் இல்லை. ஆனால் அடுத்த மழைக்கு வேலை செய்தது.

கோயில் இப்போது நன்றாக இருக்கிறது. ஓடு மாறியாயிற்று. சுண்ணாம்பு பிடித்துவிட்டது என்று மேசன் பாஸே ஒப்புக்கொள்கிறார், யாரும் பக்கத்தில் இல்லாதபோது. வாங்குகளுக்குப் புதுப் பிரம்பு பின்னி, "தயவுசெய்து உட்காராதீர்கள்" என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிளாஸ்டிக் கதிரை.

கடைசிக் கூட்டத்தில் அத்தை எழுந்து ஒரு விண்ணப்பம் வைத்தாள். தான் செத்தால் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் அடக்கம் செய்ய வேண்டும், கல் வேண்டாம், பெயரும் வேண்டாம். கூட்டம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கட்டடக்கலைப் பெண் மிக அன்பாக விளக்கினாள். இது இப்போது மரபுத் தலம். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதன் அசல் தன்மை கெட்டுவிடும். தளபாடம், மரம், கல்லறை எதுவாக இருந்தாலும் அதுதான் விதி. "அந்தக் காலத்துலயும் இதையேதான் சொன்னாங்க, இவ்வளவு மரியாதையா சொல்லல" என்றாள் அத்தை. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல பிள்ளை. விசேஷ அனுமதிக்கு மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னாள், எழுதவும் செய்தாள். உப குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் முதல் கூட்டம் தை மாதம் பொங்கலுக்குப் பிறகு. திகதியை அத்தையிடம் சொன்னேன். கலண்டரைக் கொண்டுவரச் சொல்லி விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் இருக்கப் பாக்குறேன்" என்றாள். "ஆனா அவங்ககிட்ட சொல்லு, கூட்டத்தத் தள்ளிப் போட வேணாம்னு."